சாதனையல்ல, நோய்

பத்திரிகைப் பக்கத்தில் இடம் மிஞ்சும் வேளைகளில் எனக்குக் கைகொடுத்தவை விநோதச் செய்திகள். 'உலகின் மிக உயரமான மனிதர்' என்ற தலைப்புடன் ஒரு படத்தை அச்சேற்றிவிட்டால் வாசகர் வியப்பர். என் வேலையும் முடிந்துவிடும். அந்த மனிதர் ஏன் அவ்வாறு வளர்ந்தார் என்று ஒரு வரியேனும் நான் எழுதியதில்லை. அந்தத் தவறே இன்று என்னை எழுதத் தூண்டுகிறது.

மூளையின் அடியில் பட்டாணியளவில் அமைந்திருப்பது பிட்யூட்டரி எனப்படும் கபச்சுரப்பி. அதில் தோன்றும் கட்டி, பெரும்பாலும் புற்றுநோயல்லாத கட்டி, வளர்ச்சி ஓமோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. எலும்புகளின் வளர்ச்சி முற்றுப்பெறாத வயதில் இது நேர்ந்தால் உடல் இராட்சத உயரம் அடைகிறது. வளர்ந்தபின் நேர்ந்தால் உயரம் கூடுவதில்லை. கை, கால், தாடை, மூக்கு, நாக்கு ஆகியன பருக்கின்றன. 1886இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் மரி இந்நிலைக்கு அக்ரோமெகாலி எனப் பெயரிட்டார்.

அயர்லாந்தில் பிறந்த சார்ள்ஸ் பேர்ண், லண்டனில் காட்சிப்பொருளாகப் பிழைத்து, 1783இல் தமது 22ஆவது வயதில் இறந்தார். தம் உடலைக் கடலில் அடக்கம் செய்யுமாறு அவர் வேண்டியிருந்தார். ஆனால் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் ஹண்டர் அவ்வுடலைப் பெற்று எலும்புக்கூட்டைத் தம் சேகரிப்பில் வைத்தார். 1909இல் ஹார்வி குஷிங் அந்த மண்டையோட்டை ஆராய்ந்து, கபச்சுரப்பி அமர்ந்திருந்த குழி விரிந்திருப்பதைக் கண்டார். 2023இல் மீளத் திறக்கப்பட்ட ஹண்டேரியன் நூதனசாலையில் அந்த எலும்புக்கூடு காட்சிக்கு வைக்கப்படவில்லை. ஆயினும் ஆய்வுக்கென அது இன்னும் பேணப்படுகிறது. கடல் அவருக்குக் கிடைக்கவேயில்லை.

அமெரிக்கரான ரொபேர்ட் வாட்லோ 272 சென்ரிமீற்றர் உயரமானவர். நடப்பதற்குக் காலில் அணிந்திருந்த தாங்கி உராய்ந்து ஏற்பட்ட புண்ணில் கிருமி தொற்றி, 1940இல் இறந்தார். அவருக்கும் வயது 22. உடலை எவரும் தோண்டியெடுத்துவிடக் கூடாதென அவரது புதைகுழிக்குக் கொங்கிறீற்றுக் காப்பிட்டனர். 'சாதனை' என்று நாம் அச்சிட்டது இதனைத்தான்!

இன்று நிலைமை வேறு. இரத்தப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ. படமும் நோயைக் காட்டிக்கொடுக்கின்றன. மூக்கின் வழியே கட்டியை அகற்றும் சத்திரசிகிச்சை உண்டு. மருந்துகளும் கதிர்வீச்சும் உண்டு. 2009இல் கின்னஸ் பட்டியலில் இடம்பெற்ற துருக்கியரான சுல்தான் கோசனின் வளர்ச்சி, அமெரிக்காவில் பெற்ற சிகிச்சையின் பயனாக நின்றுவிட்டதாக 2012இல் அறிவிக்கப்பட்டது.

எனினும் இந்நோய் மெதுவாகவே முகத்தை மாற்றுவதால், நாள்தோறும் பார்க்கும் வீட்டாருக்கு அது புலப்படுவதில்லை. கண்டறியப் பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அதற்குள் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இதயப் பாதிப்பும் குடிகொண்டுவிடும். மோதிரம் விரலில் ஏற மறுத்தால், வளர்ந்தவரின் சப்பாத்து அளவு கூடிக்கொண்டே போனால், தலைவலியும் பார்வைக் குறைவும் சேர்ந்து வந்தால், பழைய புகைப்படமொன்றை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னர் மருத்துவரை நாடுங்கள். வகுப்பில் ஒரு பிள்ளை மட்டும் மற்றவரை விஞ்சி நெடுநெடுவென வளர்ந்தால், பெருமையோடு ஒருமுறை பரிசோதனையும் செய்துவிடுங்கள். எல்லா உயரமும் நோயல்ல. பார்த்துத் தெளிவதில் இழப்பொன்றுமில்லை.

என் போன்ற பத்திரிகையாளருக்கும் ஒரு சொல். அடுத்தமுறை அத்தகைய படத்தை அச்சிடும்போது, உயரத்தை எழுதும் அதே வரியில் நோயின் பெயரையும் எழுதுங்கள். நான் எழுதத் தவறிய வரி அது.