எந்த ஆப் நல்லது என்று கேட்கும் அம்மா அப்பாமாருக்கு

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பாடசாலை முடிந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வருகிற பெற்றோர், நான் ஆசிரியப் பயிற்சி படிக்கிறேன் என்று தெரிந்ததும் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "தமிழ் படிக்க எந்த ஆப் நல்லது?"

கேட்பவர்களில் பலர் என்னைப் போல இங்கேயே வளர்ந்தவர்கள். தமிழ் விளங்கும். ஓரளவு கதைப்பார்கள். வாசிக்கச் சொன்னால் தடுமாறுவார்கள். 'என்னால் வீட்டில் சொல்லிக்கொடுக்க முடியாததை ஐபேட் சொல்லிக்கொடுக்குமா?' என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருக்கிற கேள்வி. அது நியாயமான கவலை. ஆகவே ஒழுங்கான பதில் சொல்லவேண்டும்.

நான் சிட்னியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கான முதுகலைப் படிப்பில் இருக்கிறேன். அவுஸ்திரேலியாவில் ஆசிரியராக வருகிறவர்களுக்கென்று 2011இல் வந்த தேசியத் தராதரங்கள் இருக்கின்றன. அதில் 2.6 என்ற பகுதி தகவல் தொழில்நுட்பத்தைப் பாடத்தில் பயன்படுத்துவது பற்றியது. 4.5 அதைப் பாதுகாப்பாகவும் பொறுப்போடும் பயன்படுத்துவது பற்றியது. எனவே 'எனக்குத் திரை பிடிக்காது' என்று என்னைப் போன்றவர்கள் ஒதுங்க முடியாது. ஆனால் அந்தத் தராதரம், எத்தனை கருவிகள் வைத்திருக்கிறாய் என்று கேட்பதில்லை. பிள்ளை கற்கிற வாய்ப்பு அதனால் விரிந்ததா என்றுதான் கேட்கிறது.

இந்த நாடு இந்த விஷயத்தில் நிறையச் செலவழித்துப் பார்த்த நாடு. கெவின் ரட் அரசாங்கம் 2008இல் தொடங்கிய திட்டத்தில் 9ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்குக் கணினிகள் வந்தன. உங்களில் சிலரே அந்தச் சின்ன லப்டொப்பைப் பையில் தூக்கிக்கொண்டு திரிந்திருப்பீர்கள். பிறகு காற்று மற்றப் பக்கம் அடித்தது. விக்டோரியா அரசுப் பள்ளிகளில் 2020இல் கைத்தொலைபேசிக்குத் தடை. நியூ சவுத் வேல்ஸ் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 2023 ஒக்டோபரில் தடை. 2025 டிசம்பர் 10இலிருந்து 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சமூக வலைத்தளக் கணக்குகளும் இல்லை. நாப்லான் பரீட்சையை எடுத்துக்கொண்டால், 2022 முதல் முழுக்க இணையத்தில்தான் நடக்கிறது. ஆனால் 3ஆம் வகுப்புப் பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சி மட்டும் இன்றும் பென்சிலும் தாளும்தான்.

ஓ.இ.சி.டி. அமைப்பு 2015இல் வெளியிட்ட அறிக்கையும் இதையொட்டியதுதான். பள்ளிக்கூடக் கணினிகளுக்குப் பெருந்தொகை போட்ட நாடுகளில் வாசிப்பிலோ கணிதத்திலோ விஞ்ஞானத்திலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை என்று அது சொன்னது. அளவாகப் பயன்படுத்திய பிள்ளைகள், அரிதாகப் பயன்படுத்தியவர்களை விடக் கொஞ்சம் நன்றாகச் செய்திருந்தார்கள். மிக அதிகமாகப் பயன்படுத்தியவர்கள் பின்தங்கியிருந்தார்கள். ஆக, கருவி கெட்டதும் இல்லை, அதுவே வாத்தியாரும் இல்லை.

அப்படியென்றால் நல்ல பயன்பாடு எது, வீண் பயன்பாடு எது? எனக்கு இதை விளங்கப்படுத்தியது 70 வருடங்களுக்கு மேல் பழைய கதை ஒன்று.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951 ஜூனில் 'ஸ்கூல் ஒஃப் த எயார்' தொடங்கியது. பாலைவனத்து மாட்டுப் பண்ணைகளில், பக்கத்து வீடே பல மைல் தூரத்தில் இருக்க வளர்ந்த பிள்ளைகளுக்கான வானொலிப் பள்ளிக்கூடம் அது. பறக்கும் மருத்துவர் சேவையின் வானொலியைப் படிப்புக்கும் பாவிக்கலாமே என்று யோசனை சொன்னவர் தென் அவுஸ்திரேலியக் கல்வியாளர் அடலெய்ட் மீத்கே. முதலில் பாடம் ஒரு வழிப் பாதைதான்: ஆசிரியர் பேசுவார், பிள்ளைகள் கேட்பார்கள். பிறகு ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கேள்வி பதிலுக்கு நேரம் வைத்தார்கள். பண்ணையில் இருந்த பிள்ளையின் குரலும் வானொலியில் வந்தது. ஆசிரியருக்கும் கேட்டது, மற்றப் பிள்ளைகளுக்கும் கேட்டது. அது வகுப்பாக மாறியது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அதே பெட்டிதான், அதே மின்சாரம்தான். பிள்ளைக்கு வாய் கிடைத்தது மட்டும்தான் வித்தியாசம்.

மெல்பேர்ணில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. 2020, 2021இல் ஆறு முடக்கங்கள், மொத்தம் 262 நாட்கள். தமிழ் வகுப்புகளும் ஸூமுக்குப் போயின. பிள்ளைகளை மியூட்டில் போட்டுவிட்டு டீச்சர் மட்டும் பேசிய வகுப்பு எப்படி இருந்தது, நாலு நாலு பேராகப் பிரித்துக் கதைக்கவிட்ட வகுப்பு எப்படி இருந்தது என்று அந்த நேரம் பக்கத்தில் இருந்த உங்களுக்கே தெரியும்.

ஆகவே ஒரு கருவியை வகுப்புக்குள் எடுக்கும்போது நான் கேட்கிற முதல் கேள்வி: இதில் பிள்ளை வாய் திறக்குமா? இரண்டாவது: திறந்தால் அதைக் கேட்க அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கா?

தமிழ் ஆப்புகளில் பெரும்பாலானவை முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். எங்கள் வகுப்பில் ஏழு வயதுப் பையன் ஒருவன் எழுத்து பொருத்துகிற கேமில் புலி. கி எங்கே, கீ எங்கே என்று கண் மூடித் திறக்கிறதுக்குள் தொட்டுவிடுவான். முழுப் புள்ளி, திரையில் பட்டாசு. "காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டால் "ஐ ஹாட் இட்லி" என்பான். பிள்ளையில் பிழை இல்லை. அந்த கேம் அவனிடம் கேட்டது ஒரு விரலை மட்டும். அவன் கொடுத்ததும் அதைத்தான். எழுத்தை அடையாளம் காண அது நல்ல பயிற்சி, ஐந்து நிமிடத்துக்கு. ஆனால் அதைப் பார்த்துவிட்டு 'பிள்ளை தமிழ் படிக்குது' என்று நாங்கள் நிம்மதியாகிவிடக் கூடாது.

இரண்டு கேள்விக்கும் 'ஓம்' சொல்லுகிற கருவி ஏற்கெனவே உங்கள் போனில் இருக்கு: வட்ஸ்அப் குரல் பதிவு. வகுப்பில் நாங்கள் செய்து பார்த்த வீட்டுப்பாடம் இது. ஒவ்வொரு பிள்ளையும் தன் அம்மம்மாவுக்கோ அப்பப்பாவுக்கோ ஒரு கேள்வி பதிவு செய்து அனுப்பவேண்டும்: "நீங்கள் சின்னப்பிள்ளையா இருக்கேக்க மழை பெய்தா என்ன செய்வீங்கள்?" சிட்னியில் காலை பத்து மணி என்றால் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் விடிய நாலரையோ ஐந்தரையோதான். நேரடி அழைப்பு சரிவராது. பதிவு என்றால் அவர்கள் எழும்பித் தேத்தண்ணி குடித்துவிட்டு ஆறுதலாகப் பதில் சொல்லலாம். பிள்ளைக்கும் பயம் இல்லை. பிழைத்தால் அழித்துவிட்டுத் திரும்பப் பேசலாம். ஒரே வசனத்தை நாலு தரம் பேசிப் பார்த்த பிள்ளைகள் உண்டு. நான் சொல்லி அவர்கள் ஒருநாளும் நாலு தரம் செய்ததில்லை.

அடுத்த ஞாயிறு பதில்கள் வந்தன. ஒரு பிள்ளையின் அம்மம்மா ஏழு நிமிடம் பேசியிருந்தார். அதில் 'தாழ்வாரம்' என்று ஒரு சொல். வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பிள்ளைதான் எழும்பி, கூரை கீழே இறங்கி வருகிற இடம், அதில் இருந்து மழை பார்ப்பார்களாம் என்று பலகையில் படம் கீறிக் காட்டினாள். பேச்சு, கேட்டல், சொல்வளம், படம், விளக்கம் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டன. தாத்தா பாட்டி இல்லாத பிள்ளைகள் மாமியிடமும் பக்கத்து வீட்டு அன்ரியிடமும் கேட்டு வந்தார்கள்.

இன்னொன்று தட்டச்சு. ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறுகிற முறை பெரியவர்களுக்கு வசதி. பிள்ளைகளுக்கு அதில் ஒரு இழப்பு உண்டு. ந, ன, ண மூன்றுக்கும் மனம் முதலில் ஆங்கிலத்தின் ஒரே எழுத்துக்குள் போய்த்தான் வெளியே வரவேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ் 99' விசைப்பலகை வேறு மாதிரி. உயிர் எழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். க அடித்து இ அடித்தால் கி. அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு தட்டினால் 'அம்மா'. புள்ளி தானே விழும். 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம், இந்த 31ஐ வைத்து 247 எழுத்தும் எப்படி வருகிறது என்று பிள்ளையின் விரலுக்கே விளங்கிவிடும். 'இருநூற்று நாற்பத்தேழா!' என்று மலைத்துப்போய் நிற்கிற பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். ஐபேடில் அது ஏற்கெனவே இருக்கு. விசைப்பலகை அமைப்பில் போய்ச் சேர்த்துவிட்டால் போதும். கையால் எழுதுவதற்கு இது மாற்று இல்லை. கொப்பியில் எழுதியதை அம்மம்மாவுக்கு அனுப்புவதற்கு நல்ல வழி.

பேசினால் எழுதித் தருகிற வசதி பற்றியும் கேட்கிறீர்கள். கூகுளில் தமிழுக்கு அது 2017இல் வந்தது. விளையாட்டாகப் பாவிக்கலாம், உச்சரிப்புப் பரீட்சையாக நம்பவேண்டாம். அது முழு வசனத்தையும் வைத்து ஊகிக்கிறது. பிள்ளை 'வாளைப்பளம்' என்று சொன்னாலும் 'வாழைப்பழம்' என்றே எழுதிவிடக்கூடும். ழகரம் வந்ததா என்று பார்க்க இன்னும் ஒரு மனிதக் காதுதான் வேணும்.

செயற்கை நுண்ணறிவு விஷயத்தில், பள்ளிகளுக்கான தேசிய வழிகாட்டல் 2023இல் வந்தது. அதை மனதில் வைத்து நான் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன்: பிள்ளையின் பெயர், குரல், படம் எதையும் அதற்குள் போடுவதில்லை. பாடம் தயாரிக்கிற என் வேலைக்கு மட்டும்தான் அது. ஒரு சின்னக் கதை எழுதச் சொல்லி, அச்சடித்து வகுப்பில் கொடுப்பேன். பிறகு ஒரு கேள்வி: "உங்கட வீட்டில இப்படிக் கதைப்பினமா?" பிள்ளைகள் பேனையோடு பாய்வார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒரு சொல்லை மாற்றும், கோயம்புத்தூர்ப் பிள்ளை இன்னொன்றை மாற்றும். இரண்டும் சரி என்று இருவருக்கும் அங்கேயே விளங்கும். இயந்திரம் எழுதியதைத் திருத்துகிற உரிமை தன் வீட்டுத் தமிழுக்கு இருக்கு என்று ஒரு எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிவது சின்ன விஷயம் இல்லை.

இனி ஒரு கணக்கு. எங்கள் வகுப்பு கிழமைக்கு இரண்டு மணித்தியாலம். வருடத்துக்கு ஏறக்குறைய 40 கிழமை. மொத்தம் 80 மணித்தியாலம். மூன்றரை நாள்கூட வராது. 2021 குடிசன மதிப்பீட்டில் இந்த நாட்டில் 95,000க்கும் மேற்பட்டவர்கள் வீட்டில் தமிழ் பேசுவதாகப் பதிந்திருந்தார்கள். அடுத்தடுத்த கணக்கெடுப்புகளில் எங்கள் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் படிவத்தில் என்ன எழுதுவார்கள் என்பதை அந்த மூன்றரை நாள் மட்டும் தீர்மானிக்காது. மற்ற நாட்களில் அவர்கள் யாரோடு தமிழில் கதைக்கிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கும். பிறகு எச்.எஸ்.சி.யிலோ வி.சி.ஈ.யிலோ தமிழ் எடுத்தால், அங்கேயும் பரீட்சகரோடு வாயால் கதைக்கிற பரீட்சை உண்டு. எந்தத் திரையிலும் தொட்டுத் தப்ப முடியாது.

உங்களுக்கே வாசிக்க வராவிட்டால் அதை மறைக்காமல் பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள். புலம்பெயர்ந்தவர்களுக்கென்று 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் அடிப்படைப் பாடங்கள் இருக்கு. ஈழத்து நூல்கள், பத்திரிகைகளை 2005இலிருந்து சேர்த்துவரும் நூலகம் இணையத்தளத்தில் உங்கள் ஊர் சம்பந்தப்பட்ட பழைய மலர் ஒன்று கிடைத்தாலும் கிடைக்கும். அதில் ஒரு பக்கத்தை இரண்டு பேருமாக எழுத்துக்கூட்டுங்கள். அம்மாவும் தடுமாறுவதைப் பார்க்கிற பிள்ளைக்குத் தன் தடுமாற்றத்தில் வெட்கம் போய்விடும்.

எந்த ஆப் என்று இன்னும் கேட்டால், இந்தக் கிழமைக்கு என் பதில் இதுதான். பிள்ளைக்குப் பிடித்த எழுத்து விளையாட்டு எதுவென்றாலும் பத்து நிமிடம் விளையாடட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். முடிந்ததும் அதில் வந்த ஒரு சொல்லை எடுத்து, அந்தச் சொல் வருகிற மாதிரி ஒரு கேள்வியை ஊரில் இருக்கிற ஒருவருக்குப் பிள்ளையின் குரலிலேயே அனுப்பச் சொல்லுங்கள். வருகிற பதிலில் விளங்காத சொல் ஒன்று இருந்தால், அதை ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவரட்டும்.