ஆளில்லாத ஸ்டேஷனா? அஞ்ச வேண்டாம்!

கூட்டத்தைக் கண்டால் ஒரு பயம். கூட்டமே இல்லாவிட்டால் இன்னொரு பயம். பஸ்ஸில் இடிபாடு என்று அலுத்துக்கொள்கிறோம். சரி, பறக்கும் ரயிலில் போயேன் என்றால், "ஐயோ, அந்த ஸ்டேஷனா? ஈ, காக்கா இருக்காதே!" என்கிறோம்.

எங்கள் மயிலாப்பூரில் முண்டகக்கண்ணியம்மன் கோவில் ஸ்டேஷன் அப்படி அமைதியானதுதான். பறக்கும் ரயில் 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையும், 1997-ல் மயிலாப்பூர் வரையும், 2007-ல் வேளச்சேரி வரையும் வந்தது. கலங்கரை விளக்கத்துக்கும் திருமயிலைக்கும் நடுவில் உள்ள இந்தச் சின்ன ஸ்டேஷன் மட்டும் 2014-ல்தான் திறந்தது. ஆடி மாதத்தில் அம்மனைப் பார்க்க வருகிறவர்களால் இந்தப் பக்கம் களைகட்டும். மற்ற நாட்களில், அதுவும் மத்தியான வேளையில், நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும்.

எங்கள் மாடிவீட்டுப் பெண்ணுக்குக் கைக்குழந்தை. பிரசவ லீவு முடிந்து திருவான்மியூரில் ஆபீசுக்குத் திரும்ப வேண்டும். இங்கிருந்து ஏழாவது ஸ்டேஷன். ஆட்டோவுக்கு ஆகிற செலவில் ஒரு துளிதான் ரயிலுக்கு. ஆனால் மாமியார் ஒரே பிடியாக, "ஆளில்லாத இடத்துல என் மாட்டுப்பொண்ணு தனியா நிக்கறதாவது! வேலையை விட்டுடச் சொல்லிட்டேன்" என்றார்.

அவர் கவலையில் தப்பில்லை. ஆனால் பயத்துக்கு மருந்து, படித்த பெண்ணை வீட்டில் உட்கார்த்தி வைப்பதா? "மாமி, ஒரு வாரம் நாம ரெண்டு பேரும் அவளோட போய்ட்டு வருவோம். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி" என்றேன். போனோம். அந்த ஒரு வாரத்தில் நாங்கள் கண்டுகொண்டவை உங்களுக்கும் உதவும்.

வண்டி நேரத்தைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். பிளாட்பாரத்தில் அரைமணி நேரம் தனியாகக் காத்திருப்பதைவிட, ஆள் நடமாட்டமுள்ள தெருவில் நின்றுவிட்டு ஐந்து நிமிஷம் முன்னால் ஏறினால் போதும்.

பெண்கள் பெட்டி எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று இரண்டு நாள் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே நின்றால் மற்ற பெண்களும் அங்கே வந்து சேருவார்கள். பகலில் பெண்கள் பெட்டி காலியாக இருந்தால், நாலு குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் பொதுப் பெட்டியே மேல்.

டிக்கெட் கொடுப்பவர், பெருக்குகிற அம்மா, வாசலில் பூ விற்கிறவர் எல்லோரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். நாலாம் நாளே பூக்காரம்மா, "என்னம்மா, இன்னிக்கி லேட்டு?" என்று கேட்டாள். நம்மைத் தெரிந்த இரண்டு கண் இருந்தாலே பாதி பயம் போய்விடும்.

139 என்ற ரயில்வே உதவி எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள். இருட்டிய பிறகு ஸ்டேஷன் வெறிச்சோடிக் கிடந்தால் வீராப்பு வேண்டாம்; அன்றைக்குப் பஸ்தான்.

இளம் தாய்மார்களுக்கு ஒன்று. எல்லாம் மாடி ஸ்டேஷன்கள். படி ஏற வேண்டியிருக்கும். ஒரு ஸ்டேஷனில் லிப்ட் ஓடாமல் நாங்களே மூச்சு வாங்க ஏறினோம். சிசேரியன் ஆனவர்கள் ஆறு வாரம் வரை குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்காதீர்கள். அதற்குப் பிறகும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு பயணத்தைத் தொடங்குங்கள். ஒரு கை எப்போதும் கைப்பிடிக்கு இருக்கட்டும். பையைக் கூட வருகிறவர் எடுத்துக்கொள்ளட்டும். குழந்தையோடு ஓடிப்போய் ஏறவே கூடாது. அடுத்த வண்டி வராமலா போய்விடும்?

இதில் ஒரு லாபமும் உண்டு. கிரீன்வேஸ் ரோடு தாண்டி அடையாற்றின் மேல் வண்டி போகும்போது காற்று சிலுசிலுவென்று அடிக்கும். சமையலறைப் புழுக்கமெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் பறந்துவிடும்! மாமியே, "அடுத்த வாரமும் நான் துணைக்கு வரேனே" என்றார்.

ஒரு பெண் தைரியமாக நிற்கிற பிளாட்பாரத்தில் இன்னொரு பெண் பயமில்லாமல் வந்து நிற்பாள். நாம் ஒதுங்க ஒதுங்கத்தான் அந்த இடம் இன்னும் வெறிச்சோடும். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் இப்படி ஒரு வழி இருந்தால் உடனே "வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். முதல் வாரம் நீங்களும் கூடப் போய் வாருங்கள்.