தூசியின் அளவு மாத்திரமன்றி அதன் நஞ்சும் அறியப்பட வேண்டும்

வளி மாசடைந்ததன் காரணமாக 2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் திகதி நாட்டின் அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டமை வாசகர்களுக்கு நினைவிருக்கும். அன்று அனைவரும் வளித்தரச் சுட்டெண்ணைப் பற்றியே பேசினர். ஆயினும் அச்சுட்டெண், காற்றில் எவ்வளவு நுண்துணிக்கைகள் கலந்துள்ளன என்பதைக் கூறுமே தவிர, அத்துணிக்கைகளில் என்ன அடங்கியுள்ளது என்பதைக் கூறுவதில்லை.

இவ்வேறுபாடு அற்பமானதன்று. கடற்காற்று சுமந்துவரும் உப்புத் துணிக்கையும், ஈயம், கட்மியம், ஆசனிக் போன்றவை கலந்த துணிக்கையும் நிறையில் ஒத்திருக்கலாம். உடலுக்கு விளைவிக்கும் தீங்கில் ஒத்திருக்கமாட்டா. 2.5 மைக்ரோமீற்றரிலும் சிறிய துணிக்கைகள் நுரையீரலின் அடியாழம் வரை செல்லக்கூடியவை. ஈயத்தைப் பொறுத்தவரை பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிலைப்பாடாகும். சிறுவர்களின் மூளை வளர்ச்சியையே அது முதலில் தாக்குகின்றது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. எனினும் நிலக்கரிச் சாம்பல், குப்பை எரிப்பு, பழைய பற்றரிகளை உருக்குதல் என்பன வாயிலாகப் பார உலோகங்கள் காற்றில் கலக்கும் வழிகள் அடைபட்டுவிடவில்லை.

இவற்றைத் துல்லியமாக அளவிடும் ஆய்வுகூடக் கருவிகள் பெரும் செலவுடையவை. இந்நிலையில், ஒளிரும் நனோ துணிக்கைகளைக் கொண்ட உணரிகள் விஞ்ஞானிகளின் கவனத்தை ஈர்த்துள்ளன. இவ்வகையைச் சேர்ந்த குவாண்டம் புள்ளிகள் தொடர்பான ஆய்வுக்கே 2023ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. புற ஊதாக் கதிர் படும்போது ஒளிரும் இத்துணிக்கைகளின் மீது குறித்த உலோக அயன் பிணையுமாயின், ஒளி மங்கும் அல்லது நிறம் மாறும். அம்மாற்றத்தின் அளவைக் கொண்டு உலோகத்தின் அளவைக் கணிக்கலாம். சிறிய விளக்கொன்றும் கமராவுமே இதற்குப் போதுமானதாக அமையக்கூடும்.

ஆயினும் இதனை மந்திரக்கோலாகக் கருதுவது தவறு. காற்றில் நேரடியாகப் பிடித்து இதனைக் கொண்டு அளவிட்டுவிட முடியாது. தூசியை வடிதாளில் சேகரித்து, அதிலுள்ள உலோகங்களை அமிலத்தில் கரைத்த பின்னரே பெரும்பாலும் சோதிக்க வேண்டியுள்ளது. தூசியில் சாதாரணமாகக் காணப்படும் இரும்பும் செம்பும் கூட ஒளியை மங்கச் செய்து தவறான முடிவைத் தரலாம். குவாண்டம் புள்ளிகள் சிலவற்றில் கட்மியமே அடங்கியுள்ளது. ஆகவே இவ்வுணரிகள் முதற்கட்டச் சோதனைக்கு உதவலாம். இறுதி முடிவு ஆய்வுகூடத்திலேயே உறுதிப்படுத்தப்பட வேண்டும்.

இவ்விடத்தில் நாம் நுரைச்சோலையை நினைவூட்ட விரும்புகின்றோம். 900 மெகாவாற் திறன் கொண்ட அனல்மின் நிலையத்தை அண்டி வாழும் மக்கள், நிலக்கரித் தூசியும் சாம்பலும் தமது வீடுகளிலும் தோட்டங்களிலும் படிவதாக முறையிட்டு வந்துள்ளனர். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் தஞ்சமடைந்ததும் இந்தப் புத்தளம் மாவட்டத்திலேயே. தமது பிள்ளைகள் சுவாசிக்கும் தூசியில் என்ன உள்ளது என்று கேட்பது அம்மக்களின் உரிமையாகும்.

எனவே அனல்மின் நிலையச் சூழலிலும் பிரதான நகரங்களிலும் தூசி மாதிரிகள் ஒழுங்காகச் சேகரிக்கப்பட்டு, அவற்றிலுள்ள உலோகங்களின் அளவு தமிழிலும் சிங்களத்திலும் காலத்துக்குக் காலம் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். செலவு குறைந்த உணரிகளை உருவாக்கும் பணியில் எமது பல்கலைக்கழகங்கள் ஊக்குவிக்கப்பட வேண்டும். புதிய கருவி வரும்வரை அளவீடு காத்திருக்கத் தேவையில்லை. வடிதாளும் ஆய்வுகூடமும் இன்றும் உள்ளன. வேண்டியது அதிகாரிகளின் மனவுறுதியேயாகும்.