அடுப்புக்கு மட்டும் பராமரிப்புச் செலவு கிடையாதா?

பி.காம் படிக்கிற எனக்கு அடுப்பைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்காதீர்கள். தகுதியே அந்த பி.காம்தான்! கணக்குப்பதிவியலில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது ஒரு எளிய விஷயம். இயந்திரம் வாங்கினால் அது முதலினச் செலவு. அதைத் துடைக்க, பழுது பார்க்க, ஓடவைக்க ஆகிறதெல்லாம் வருவாயினச் செலவு. முன்னதை எழுதிவிட்டுப் பின்னதை விட்டால் அது பொய்க்கணக்கு. நம் நாட்டில் அடுப்புக் கணக்கை இத்தனை காலமும் அப்படித்தான் எழுதி வருகிறோம்.

நான் சொல்வது கேஸ் அடுப்பை அல்ல. விறகு, தென்னை மட்டை, வறட்டி, சோளத்தட்டை, கொட்டாங்குச்சி, கரி என்று எதைப் போட்டாலும் எரிகிற அந்தக் கொல்லைப்புற அடுப்பை. "இன்னுமா விறகு எரிக்கிறார்கள்?" என்று ஆச்சரியப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். ஏழைப் பெண்களுக்கு கேஸ் இணைப்பு தரும் உஜ்வலா திட்டம் 2016-ல் தொடங்கியது. இணைப்புகள் 10 கோடியைத் தாண்டிவிட்டன. நல்லது. ஆனால் 2019-ல் வந்த சி.ஏ.ஜி. அறிக்கையைப் பாருங்கள். அதில் கணக்கெடுத்த பயனாளிகள் ஆண்டுக்கு வாங்கிய சிலிண்டர் சராசரியாக 4-க்கும் குறைவு. மீதி நாட்களில் சோறு எதில் வெந்தது? சிலிண்டர் விலையைக் கேட்டுப் பயந்தவர்கள் பழைய அடுப்பிடமே திரும்பிப் போனார்கள்.

சரி, அந்த அடுப்பையாவது ஒழுங்காக வைத்திருக்கிறோமா?

1980களில் மத்திய அரசு "புகையில்லா அடுப்பு"த் திட்டம் கொண்டுவந்தது. 2002-ல் அதைக் கைவிடும்போது நாடு முழுக்க 3 கோடிக்கும் மேல் அடுப்புகள் போட்டதாகக் கணக்கு. எத்தனை அடுப்பு போட்டோம் என்பதுதான் இலக்கு. அடுத்த வருடம் அதில் எத்தனை எரிகிறது என்பது யாருடைய இலக்கும் அல்ல!

ஒடிசா கிராமங்களில் எஸ்தர் டுஃப்லோ, ரேமா ஹன்னா, மைக்கேல் க்ரீன்ஸ்டோன் ஆகிய மூவரும் நடத்திய ஆய்வு 2016-ல் வெளியானது. புகைபோக்கி வைத்த அடுப்புகளைக் கொடுத்து நான்கு ஆண்டுகள் வரை கவனித்தார்கள். முதல் வருடம் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. இரண்டாம் வருடமே அந்தப் பலன் காணாமல் போனது. அடுப்பைச் சரியாகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவில்லை, உடைந்ததைச் சரிசெய்யவில்லை.

இதைப் படித்ததும் சிலர், "கிராமத்துப் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று முடித்துவிடுவார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பராமரிப்பு என்றால் என்ன வேலை என்று தெரிந்துதான் பேசுகிறார்களா?

புகைபோக்கியில் கரி அடைத்தால் புகை மேலே போகாமல் முகத்துக்கே திரும்பும்; எனவே அடிக்கடி ஏறிக் கரியைத் தட்ட வேண்டும். மண்ணில் விரிசல் விட்டால் அன்றைக்கே பூச வேண்டும். விறகுக்குச் சாம்பல் கொஞ்சம் இருக்கலாம், கங்கு அணையாது. கரிக்கோ அடியிலிருந்து காற்று வேண்டும், சல்லடையில் சாம்பல் தங்கக் கூடாது. வறட்டி எரித்தால் சாம்பல் மலைபோல் சேரும். கரியை மூடிய அறையில் எரித்தால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும். விறகை வெட்டி, பல மாதம் மழை படாமல் காயவைக்க வேண்டும். பச்சை விறகின் எடையில் பாதிவரை தண்ணீர்தான்! அதை எடை போட்டு வாங்குகிறவர் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறார். பிறகு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவும் நெருப்பைச் செலவழித்துவிட்டு, "அடுப்பு சரியில்லை" என்கிறார்.

இத்தனையும் யார் செய்வது? விடிவதற்கு முன் எழுந்து சமைத்து, கூலி வேலைக்கும் போய், திரும்பி வந்து மறுபடியும் சமைக்கிறவரே கூரையில் ஏறிக் கரியும் தட்ட வேண்டுமாம்! வீட்டு பைக்குக்கு மாதம் தவறாமல் ஆயில் பார்க்கிற ஆண், பத்தடித் தூரத்தில் புகைகிற அடுப்பைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பைக் அவனுடையது, அடுப்பு அவளுடையது. சாப்பாடு மட்டும் எல்லாருடையது!

வீட்டுப் புகையால் 2020-ல் உலகம் முழுக்கச் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நாம் கணக்கில் எழுதாமல் விட்ட பராமரிப்புச் செலவை யாரோ ஒருவர் நுரையீரலால் கட்டிக்கொண்டிருக்கிறார் என்றுதான் இதற்கு அர்த்தம்.

எல்லா வீட்டிலும் கேஸோ மின்சார அடுப்போ முழுநேரமும் எரிகிற நாள் வரட்டும், நானும் வரவேற்கிறேன். அதுவரை அரசு புதிய அடுப்பைக் கொடுத்துவிட்டுப் போட்டோ எடுப்பதோடு நிற்காமல், அதைப் பழுது பார்க்க ஊருக்கு ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைக்கட்டும். கொடுத்த அடுப்பை அல்ல, மூன்றாம் வருடமும் சரியாக எரிகிற அடுப்பை எண்ணட்டும்.

வீட்டில்? அதற்கு எந்தத் திட்டமும் வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பைக்கைத் துடைக்கப் போகிற தம்பிமார்களே, அண்ணன்மார்களே... முதலில் ஏணியை எடுத்துப் புகைபோக்கியில் சாத்துங்கள்.