அகலத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் பாதி போகுமா?

10 மீட்டர் அகல வாய்க்காலை 5 மீட்டராகச் சுருக்கினால் எவ்வளவு தண்ணீர் போகும்? "பாதி"ன்னுதான் சட்டுனு சொல்வோம். தப்பு. பாதிகூடப் போகாது.

எக்ஸாமுக்கு மனப்பாடம் செய்து மறந்துபோன மேனிங் சூத்திரத்தைக் கொஞ்சம் தூசி தட்டுவோம். தண்ணீரின் வேகம் மூன்று விஷயங்களைப் பொறுத்தது: சரிவு, கரடுமுரடு, ஹைட்ராலிக் ரேடியஸ். கடைசியாகச் சொன்னது, தண்ணீர் ஓடும் குறுக்குவெட்டுப் பரப்பை நனையும் சுற்றளவால் வகுத்தால் வருவது. தரையும் கரையும்தான் தண்ணீரைப் பிடித்து இழுக்கின்றன.

கணக்கைப் போடுங்க. செவ்வக மண் வாய்க்கால், ஆழம் 2 மீட்டர், கிலோமீட்டருக்கு 40 செ.மீ. சரிவு, கரடுமுரடு எண் 0.03. அகலம் 10 மீட்டர் என்றால் நொடிக்கு சுமார் 17 கனமீட்டர் போகும். 5 மீட்டராக்கினால் பரப்பு பாதியாகிறது. ஆனால் நனையும் சுற்றளவு 14-லிருந்து 9 மீட்டராகத்தான் குறைகிறது. வேகமும் சேர்ந்து விழ, மிஞ்சுவது வெறும் 7 கனமீட்டர். புல்லும் ஆகாயத்தாமரையும் மண்டி கரடுமுரடு இரட்டிப்பானால் 3.6. பழைய 17 கனமீட்டரும் அதே குறுகிய வாய்க்காலில் வந்தால்? மட்டம் 4 மீட்டரைத் தொடப் பார்க்கும். கரை அவ்வளவு உயரமில்லையே, வயலுக்குள்தான் போகும்.

"காங்கிரீட் போட்டாச்சு, அகலம் எதுக்கு?" என்பார்கள். கரடுமுரடு 0.015 ஆகக் குறைந்தாலும் 5 மீட்டரில் 14 கனமீட்டர்தான் போகும், அதுவும் புதுசாக இருக்கும்வரை. வண்டல் படிந்தால் அதுவும் குறையும்.

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழை. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கனஅடி வரை திறக்கப்பட்டு, தென்பெண்ணை பெருகி பாகூர் பக்கம் புகுந்தது. அந்த வெள்ளத்தை எந்த வாய்க்காலும் தாங்காது, ஒத்துக்கிறேன். ஆனால் பண்டசோழநல்லூர் மாதிரி சமதள ஊர்களில், மழை விட்ட பிறகு தண்ணீர் இரண்டு நாளில் வடியுமா, இரண்டு வாரம் நெல்லை அழுகவிடுமா என்பதை முடிவு செய்வது வாய்க்கால்தான்.

ஆறு தன் அளவைத் தானே வைத்துக்கொள்கிறது. நீரோட்டம் நான்கு மடங்கானால் அகலம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று லியோபோல்டும் மேடக்கும் 1953-லேயே அளந்து காட்டினார்கள். நாமோ ரோட்டுக்கும் பிளாட்டுக்கும் இடம் விட்டு, மிச்சத்தை வாய்க்காலுக்குக் கொடுக்கிறோம்.

அதனால் என் கருத்து இதுதான்: எந்தக் கல்வெர்ட் கட்டினாலும், அது கடத்தும் நீரின் அளவைக் கணக்கிட்டு அங்கேயே பலகையில் எழுதணும். ஊர்க்காரர்கள் கேள்வி கேட்கட்டும். அதுவரை நாம சும்மா இருக்க வேண்டாம். அடுத்த மினி புராஜெக்டுக்கு ஒரு டேப்பும் லெவல் கருவியும் எடுத்துட்டு உங்க ஊர் வாய்க்காலுக்கு இறங்குங்க. வருவாய் வரைபடத்தில் இருக்கும் அகலத்தையும் நீங்கள் அளந்த அகலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்க. மேனிங் மீதியைச் சொல்வார்.