குழி வெட்ட நாங்க, கொடி ஏத்த நீங்களா?

பள்ளிக்கூடத்தில் சாதி எங்கே இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் வகுப்பறைக்குள்தான் எட்டிப் பார்க்கிறார்கள். எவன் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், கையில் என்ன கலரில் கயிறு கட்டியிருக்கிறான் என்று தேடுகிறார்கள். தேடட்டும், அங்கேயும் இருக்கத்தான் செய்கிறது. நான் சொல்ல வருவது வேறு இடம். காலையில் பிரேயருக்கு நிற்கிற மைதானம். அங்கே எவன் அட்டென்ஷன் சொல்கிறான், எவள் உறுதிமொழி வாசிக்கிறாள், கொடிக்கயிறு யார் கையில் இருக்கிறது, அணிவகுப்பில் முன்னால் போகிறவன் யார், ஆண்டு விழாவில் மைக் பிடிக்கிறவள் யார், பெஞ்சு தூக்குகிறவன் யார் என்று ஒரு வருசத்துக்குக் கணக்கு எடுத்துப் பாருங்கள். ஊருக்குள் எந்தத் தெரு எங்கே இருக்கிறது என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

இதற்குப் பாடம் சாராச் செயல்பாடு என்று பெயர். பாடத்துக்கு வெளியே உள்ளதாம். 'வெளியே' என்கிற வார்த்தை எங்களுக்குப் புதுசு இல்லை. ஊருக்கு வெளியே தெரு, கோயிலுக்கு வெளியே கும்பிடு, டீக்கடைக்கு வெளியே கிளாசு. எதிலும் வெளியே நின்ற சனம் பள்ளிக்கூடத்தில் மட்டும் எப்படி வெளியே இருப்பதையும் இழந்தது? காரணம் லேசானது. உள்ளே அரசாங்கம் விதி போட்டிருக்கிறது. பரீட்சைத் தாளில் பேருக்குப் பதில் நம்பர் இருக்கிறது. மேலே படிக்கப் போனால் இடஒதுக்கீடு இருக்கிறது. மைதானத்துக்கு ஒரு விதியும் கிடையாது. வாத்தியார் விரல் நீட்டுகிறவன் தலைவன். விதி இல்லாத இடத்தில் சாதிதான் விதியாக வந்து உட்காரும்.

எங்க ராசிங்காபுரம் போடிக்குத் தெற்கே, தேவாரம் போகிற பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறது. இந்த அடிவாரத்து ஊர்களில் விடியுமுன்னே ஜீப் வந்து நிற்கும். போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற சனம் அதில் ஒருத்தர் மேல் ஒருத்தராக நெருக்கி உட்காரும். பொழுது சாய்ந்துதான் திரும்பும். ஏலக்காய் வாசம் ஊரெல்லாம் மணக்கும், எடுத்த கையில் பிசின்தான் மிச்சம். அம்மாவும் அப்பாவும் மலையில் இருக்கிற நேரத்தில் தண்ணி பிடிக்கிறது, உலை வைக்கிறது, தம்பி தங்கச்சியைப் பார்க்கிறது எல்லாம் எட்டாவது ஒன்பதாவது படிக்கிற பொட்டப்பிள்ளை. பேச்சுப்போட்டிக்குப் பயிற்சி, நாடக ஒத்திகை, கோ-கோ விளையாட்டு எல்லாம் எத்தனை மணிக்கு? கடைசி மணி அடித்த பிறகு. அந்தப் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். "அவளுக்கு ஆர்வம் இல்ல சார்" என்று முடித்துவிடுகிறார்கள். ஆர்வம் இல்லாதவளா அவள்? வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி செய்யுள் ஒப்பிக்கிறவள். அவளிடம் இல்லாதது சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு வரைக்குமான நேரம். அந்த நேரத்தை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது தோட்டக் கூலி.

நான் படித்த பள்ளியில் சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் கொடிக்கம்பம் ஆடுகிறது என்று புதுசாகக் குழி வெட்டச் சொன்னார்கள். வாத்தியார் வகுப்பு வாசலில் நின்று, "டேய், நீ, நீ, அந்தா கடைசியில இருக்கவன், நீ, வாங்கடா" என்று நாலு பேரைக் கூப்பிட்டார். நாலு பேரும் ஒரே தெரு. அவர் சாதி கேட்கவில்லை. கேட்க வேண்டியதே இல்லாத அளவுக்கு அவருக்கு மனப்பாடம். கடப்பாரை போட்டு வெட்டினோம், ஜல்லி போட்டு இடித்தோம், கம்பத்தை நிமிர்த்தினோம். மறுநாள் சட்டை தேய்த்துப் போட்டு வந்து கொடிக்குப் பக்கத்தில் நின்றவன் ஊர்ப் பெரியவர் வீட்டுப் பையன். எங்களில் ஒருத்தன் கபடியில் கோடு தாண்டினால் ரெண்டு பேரையாவது தொட்டுவிட்டு வருவான். கேப்டன் வேற ஆள். கேட்டதற்கு, "கேப்டன்னா பேசணும்டா, வெளியூர் போனா நாலு பேரைப் பார்க்கணும்" என்றார்கள். அவன் கால் வேண்டும், வாய் வேண்டாம்.

இது எங்க ஊர்க் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். பல்வங்கர் பாலு என்று ஒரு கிரிக்கெட் வீரர். சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரன் கிளப்பில் மைதான வேலை பார்த்துக்கொண்டு அவர்களுக்குப் பந்து போட்டுப் போட்டே கற்றவர். இந்துக்கள் அணிக்கு அவர் பந்து வேண்டியிருந்தது, சேர்த்துக்கொண்டார்கள். இடைவேளையில் மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பை, இவருக்கு மட்டும் வெளியே மண்குவளையில் தேநீர். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். அப்படியும் இந்துக்கள் அணிக்குத் தலைவர் பதவி அவருக்குக் கொடுக்கப்படவில்லை. சண்டை போட்டுப் போட்டு 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது. ஆட விடுவார்கள். ஜெயித்துக் கொடுக்க விடுவார்கள். ஆட்டத்தை நடத்த விடமாட்டார்கள். கால் நூற்றாண்டு முடிந்துபோன இந்த நூற்றாண்டில் நம் பள்ளி மைதானத்தில் நடப்பதும் இதே ஆட்டம்தான்.

இன்னொருத்தர் நம்ம ஆள், தாத்தா ரெட்டமலை சீனிவாசன். கோயம்புத்தூரில் படித்தபோது, கூட விளையாடினால் சிநேகிதம் வரும், சிநேகிதம் வந்தால் ஊர், வீடு, சாதி எல்லாம் கேட்பார்கள் என்று பயந்து, மணி அடிக்கிற வரைக்கும் பள்ளிக்கு வெளியே எங்கேயாவது படித்துக்கொண்டிருந்து, அடித்த பிறகுதான் உள்ளே போனதாகத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பாடம் அவருக்குக் கிடைத்தது. விளையாட்டு கிடைக்கவில்லை. அந்தப் பையன்தான் பின்னால் 'பறையன்' என்று பத்திரிகை நடத்தினார், 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தார். அவருக்கு எந்தப் பள்ளியும் தலைமைப் பயிற்சி கொடுக்கவில்லை. இதைச் சொன்னால் சிலர், "பார்த்தீர்களா, திறமை இருந்தால் தானாக மேலே வரலாம்" என்பார்கள். ஒருத்தர் வந்தார். அவரைப் போல மணி அடிக்கிற வரைக்கும் வெளியே நின்று, நின்ற இடத்திலேயே காணாமல் போன ஆயிரம் பேருக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

படிக்க வந்த பிள்ளைக்கு இதெல்லாம் என்னத்துக்கு என்று கேட்கிறவர்களுக்கு ரெண்டு பதில் உண்டு. முதல் பதில் வயிற்றுப்பாடு. 1948இல் தேசிய மாணவர் படை வந்தது, 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது. இதில் வாங்குகிற சான்றிதழ் வெறும் காகிதம் இல்லை. போலீஸ் வேலைத் தேர்வில் அதற்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு. விளையாட்டுச் சான்றிதழுக்குக் கல்லூரியில் தனி இடம் உண்டு. முன்வரிசையில் யாரை நிறுத்துகிறாரோ அவனுக்கு வாத்தியார் வேலையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். ஒன்பதாம் வகுப்பில் ஒரு விரல் நீட்டியதில் இருபத்தோரு வயதில் ஒருத்தன் காக்கிச் சட்டை போடுகிறான், இன்னொருத்தன் ஜீப்பில் தொங்கிக்கொண்டு போடிமெட்டு ஏறுகிறான்.

ரெண்டாவது பதில் அதைவிடப் பெரிசு. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளைத் தலித்துகளுக்கு ஒதுக்கினார்கள். 1996இலிருந்து பத்து வருசம் அங்கே ஒரு தலித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்க முடியவில்லை. 2006இல்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. மேலவளவில் தலைவராக ஜெயித்த முருகேசனை 1997 ஜூன் 30ஆம் தேதி ஓடும் பஸ்ஸை மறித்து இறக்கி வெட்டினார்கள், கூட இருந்தவர்களையும் சேர்த்து. வெட்டினவன் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அவனும் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு நின்றவன்தான். தன் தெருப் பையன் சொல்ல மற்றவன் கேட்பதைத்தான் அங்கே வருசக்கணக்காகப் பார்த்தான். ஒரு சேரிப் பையன் "அட்டென்ஷன்" என்று சொல்லி, அதற்கு இவன் காலைச் சேர்த்து நின்ற ஒரு நாள் அவன் வாழ்க்கையில் இருந்திருந்தால்? அருவா கீழே விழுந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. உலகத்தில் இப்படியும் நடக்கும் என்றாவது தெரிந்திருக்கும்.

1989 கலவரத்தைப் போடி வட்டாரம் மறக்கவில்லை. அதை அணைக்கப் போலீசை அனுப்பத் தெரிந்த அரசாங்கத்துக்குப் பள்ளி மைதானத்தைப் பார்க்கத் தெரியவில்லை. 2019இல் கயிறு கட்டி வருவதைக் கண்காணிக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை போனது. கொஞ்சம் சத்தம் கிளம்பியதும் அமைச்சரே பின்வாங்கினார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த நம் பிள்ளையை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுத்த தங்கச்சியையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில் பள்ளிப் பேர்களில் சாதியை எடு, கயிறு மோதிரம் தடை செய், அகரவரிசைப்படி உட்கார வை என்று நிறைய இருக்கிறது. நெற்றிப்பொட்டு என்கிற ஒற்றை வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கூப்பாடு போட்டவர்கள் மீதியைப் படிக்கவே இல்லை. அதில் ஒன்று, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்த சமூகநீதி மாணவர் படை. நல்ல யோசனை. எனக்கு ஒரே ஒரு கேள்வி. அந்தப் படைக்கு ஆள் எடுக்கிறவர் யார்? அதே விரல் என்றால், சமூகநீதிச் சட்டை போட்டு நிற்கப் போகிறவனும் அதே பெரிய வீட்டுப் பையன்தான்.

2022இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. 2024இல் மகிழ் முற்றம் என்று பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுவாகப் பிரித்தார்கள். வரவேற்கிறேன். திணைக்குப் பேர் வைப்பது சுலபம். குறிஞ்சிக்குத் தலைவி யார் என்பதில்தான் விசயம் இருக்கிறது. கலைத் திருவிழா என்றாலும் பரதத்துக்கு ஒரு தெரு, பறைக்கு ஒரு தெரு என்று பிரித்து வைத்தால் அது எங்களுக்குத் திருவிழா இல்லை. "உங்க ஆளுகளுக்குத்தான் நல்லா வரும், நீயே அடி" என்று குச்சியைக் கையில் திணிக்கிறவர் பாராட்டுவதாக நினைத்துக்கொள்கிறார். பறை கலைதான். அப்படியானால் எல்லாப் பிள்ளைகளும் அடிக்கட்டும். சாவுக்கு அடிக்கச் சொன்ன கைக்கே மேடையிலும் அடிக்கச் சொல்வதில் என்ன புதுமை?

தகுதி பார்த்துத்தான் எடுக்கிறோம் என்கிறார்கள். என்ன தகுதி? "தைரியமா நிக்கிறான், சத்தமாப் பேசுறான்." தன் தாத்தாவைப் பத்து வயசுப் பயல் பேர் சொல்லிக் கூப்பிடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு எடுத்த எடுப்பில் குரல் எப்படி வரும்? அவன் அப்பன் ஊர் மந்தையில் துண்டைத் தோளில் போட்டுப் பேசினவனா? கொடுத்தால் வரும் குரல் அது. வந்தால்தான் கொடுப்பேன் என்கிறீர்கள். ஆனால் கழிவறை கழுவுவதற்கு மட்டும் எந்தத் தகுதியும் பார்ப்பதில்லை. 2022இல் ஈரோடு மாவட்டம் பாலக்கரையில் அந்த வேலைக்கு நம் பிள்ளைகளைத்தான் பொறுக்கி எடுத்தார்கள். அதற்காகத் தலைமை ஆசிரியை கைதானார்.

கள்ளர் சமூகத்து நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பிறந்த சாதியை வைத்தே குற்றவாளி என்று பதிவு செய்து கைரேகை எடுத்த சட்டத்தை எதிர்த்து 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் குண்டடிபட்டுச் செத்தவர்கள் உங்கள் முன்னோர். பிறந்ததுமே ஒரு பிள்ளையின் நெற்றியில் முத்திரை குத்துவது எப்படி வலிக்கும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வலி தெரிந்த வீட்டுப் பையன் இன்னொரு வீட்டுப் பையனைப் பார்த்து, "நீ லீடரா? உனக்கு நாங்க எந்திரிச்சு நிக்கணுமா?" என்று கேட்கலாமா?

நம் தெருவுக்குள்ளேயும் பேச வேண்டியது இருக்கிறது. நமக்குள் ஒருத்தனுக்கு வாய்ப்பு வந்தால் அருந்ததியப் பிள்ளை கடைசியில்தான் நிற்கிறது. பொட்டப்பிள்ளைக்கு முகாம் என்றால், "ராத்திரி தங்குறதெல்லாம் வேணாம்" என்று வீட்டிலேயே கதவு சாத்துகிறோம். மேல்சாதி விரலைப் பற்றிப் பேசுகிற வாய்க்கு இதையும் பேசுகிற கடன் இருக்கிறது.

ஆகையால் கேட்கிறோம். பிச்சையாக இல்லை, பாக்கியாகக் கேட்கிறோம். பள்ளித் தலைவர் பதவியை வாத்தியார் நியமிக்கக் கூடாது. கை தூக்கும் ஓட்டும் வேண்டாம், அது பெரிய தெருவின் கையாகத்தான் இருக்கும். ஊராட்சிக்கு இருக்கிற மாதிரி சுழற்சி வேண்டும்: பட்டியல் சாதிக்கு ஒரு முறை, பெண்ணுக்கு ஒரு முறை. வகுப்புத் தலைமை மாசத்துக்கு ஒருத்தர், குலுக்கல் சீட்டில். பயிற்சி எல்லாம் பள்ளி நேரத்துக்குள் நடக்க வேண்டும். ஷூவுக்கும் உடைக்கும் பஸ்ஸுக்கும் பள்ளியே செலவு செய்ய வேண்டும். யார் யார் முகாம் போனார்கள், யார் யார் கேப்டன், எவருக்கு எந்தச் சான்றிதழ் என்று வருசா வருசம் தலைமை ஆசிரியர் அறை வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். குழி வெட்டுவது, பெஞ்சு தூக்குவது, கூட்டுவது என்று இருந்தால் அதற்கும் ஒரு பட்டியல், எல்லாச் சாதிப் பேரோடும்.

இதில் ஒன்றுக்குக்கூடப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, பெரிய பணமும் வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் தாய்மார்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று கூட்டத்துக்குப் போங்கள். வருகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு டீ கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்தே இருங்கள். "இந்த வருசம் முன்னால நின்ன பிள்ளைக பேரை வாசிங்க சார்" என்று கேளுங்கள். வாசிக்க வாசிக்கத் தெருவை மட்டும் எண்ணிக்கொண்டு வாருங்கள்.