எண்ணுங்கள் கொசுவை!

புகையடிக்கும் வண்டி வருகிறது. தெருவெல்லாம் வெண்புகை. சிறுவர்கள் பின்னால் ஓடுகிறார்கள். அதிகாரி கையெழுத்திடுகிறார். கொசு ஒழிப்புப் பணி தீவிரம் என்று மறுநாள் அறிக்கை! கொசு ஒழிந்ததா? கலைந்தது புகைதான்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலே இரும்பு உருக்கும் தோழனைக் கேளுங்கள். திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையிலே இயந்திரம் ஓட்டும் தோழனைக் கேளுங்கள். காய்ச்சலில் பத்து நாள் படுத்தால் பத்து நாள் கூலி போயிற்று. ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலையே போயிற்று. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் கண்ணயர்பவனைத்தான் அது தேடி வருகிறது!

2017ஆம் ஆண்டு தமிழகத்தில் டெங்கு கண்டோர் 23 ஆயிரத்துக்கு மேல், மாண்டோர் 65. இது சர்க்கார் கணக்கு. மாண்டவரை எண்ணத் தெரிந்தவர்களுக்கு, முன்கூட்டியே கொசுவை எண்ணத் தெரியாதா?

எண்ணலாம், தோழர்களே! ஒரு கறுப்புக் குவளை, பாதியளவு தண்ணீர், உள்ளே சொரசொரப்பான துணிப்பட்டை. இவ்வளவே கருவி. நீர்மட்டத்தை ஒட்டிக் கொசு முட்டையிடும். வாரந்தோறும் பட்டையை எடுத்து எண்ணினால், எந்தத் தெருவில் ஆபத்து என்பது புரியும். 1960களிலேயே அமெரிக்காவில் கையாண்ட முறை இது. ஆனால் முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாளே போதும். வாரம் தவறினால் பொறியே கொசுவுக்குத் தொட்டிலாகிவிடும்!

நம் இளைஞர்கள் கடல் கடந்து சென்று கட்டடம் எழுப்பும் சிங்கப்பூரில், 2017இல் சுமார் 50 ஆயிரம் பொறிகள் இருந்தன. முட்டையிட வரும் கொசு உள்ளேயுள்ள பசையில் ஒட்டிக்கொள்ளும். எண்ணிக்கை கூடிய இடத்துக்கு ஆட்கள் விரைவார்கள். அங்கும் 2020இல் 35 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு கண்டது. அதை நாம் மறைக்கவில்லை. பொறி ஒற்றன், படை அல்ல. ஒற்றன் சொல் கேட்டுப் படை புறப்பட்டால்தான் பயன்.

நமக்கு அறிவுக்குப் பஞ்சமா? 1975 முதல் புதுவையில் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஓசூரில் மாநில அரசின் நிலையம் இருக்கிறது. சட்டத்துக்குப் பஞ்சமா? 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கொசு ஒழிப்புக்கு இடம் உண்டு! பஞ்சமெல்லாம் அக்கறைக்குத்தான், குழாய்த் தண்ணீருக்குத்தான்.

“டிரம்மைக் கவிழ்” என்கிறார் அதிகாரி. கவிழ்க்கலாம் ஐயா, நாளை குழாயில் தண்ணீர் வருமா? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த தோழன், ஒற்றை அறையில் பலரோடு படுத்து, டிரம்மில் நீர் சேர்த்து வைப்பது ஆசையாலா? ஆலை வளவில் பழைய இரும்பும் தேய்ந்த டயரும் மழைநீர் ஏந்திக் கிடக்க, குற்றம் மட்டும் குடியிருப்பின் மீதா?

நாம் கேட்பது மூன்று. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஆலை வளவிலும், தொழிலாளர் குடியிருப்பிலும், பழைய இரும்புக் கடையிலும் பொறி வையுங்கள். வாரக் கணக்கை ஆலை வாயிலில் பலகையில் எழுதுங்கள். கணக்கு ஏறிய இடத்துக்கு முதலில் குழாய்த் தண்ணீரும் டிரம்முக்கு மூடியும் அனுப்புங்கள். புகை பிறகு வரட்டும்!

கிளைத் தோழர்களே! பலகை வெறுமையாக இருக்கும் வாரம், ஏன் என்று கேளுங்கள். கொசுவை எண்ணாத ஊர் பிணத்தை எண்ணும். எதை எண்ணப் போகிறோம்?